கோயமுத்தூரில் எவடம்?

சிட்னியில் பஸ்ஸை நிறுத்தக் கை காட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்தத்தில் ஒழுங்காகத்தானே நிற்கிறோம், வந்து நிற்பான் என்று நின்றேன். முதல் பஸ் என்னைப் பார்த்துக்கொண்டே போனது. இரண்டாவதும் போனது. நம் ஊரில் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும், நாம் ஓடிப் போய் ஏறுவோம். அந்த நம்பிக்கையில் இரண்டாவது பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடியும் பார்த்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு பெண்மணி நின்று, "கை காட்டணும். இல்லாவிட்டால் நீங்கள் சும்மா வெயில் காய்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்" என்றார். மூன்றாவது பஸ்ஸுக்கு இரண்டு கைகளையும் காட்டினேன். ஓட்டுநர் பதறிப்போய் நிறுத்தினார்.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. கோவைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். கூடவே, அங்கே பழங்குடி மாணவர் உதவி மையம் என்று ஓர் அறை இருக்கிறது. அதற்கும் நான்தான் பொறுப்பு. இந்த மாதிரி மையங்களை நடத்துகிறவர்களை நாலைந்து நாடுகளிலிருந்து ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. சிட்னியில் கருத்தரங்கு, பிறகு மெல்போர்னில் அவர்களுடைய மையத்தை நேரில் பார்ப்பது. பிரின்சிபால் என்னை அனுப்பும்போது சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்.

"போய் என்னதான் பண்றாங்கன்னு பாத்துட்டு வாங்க. வந்தப்பறமும் அந்த ரூமுக்குள்ள ஒரு ஆளும் வரலீன்னா ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்ட்டுக்குக் குடுத்தர்றேன். பாவம், பேட்டு பந்தெல்லாம் வராந்தாவுல கெடக்குது."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரிப்பன் வெட்டித் திறந்த நாளுக்குப் பிறகு அந்த அறைக்குள் ஒரு மாணவரும் கால் வைக்கவில்லை. அறைக்கு எதிரே கேன்டீன். வாசலில் ஆளுயரப் பலகை. அதற்குள் நுழைவது என்றால் போண்டாவுக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தான் யார் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதுதான். இருளர், குறும்பர், சோளகர் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் கல்லூரியில் நிறையப் படிக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒருவர் கோயமுத்தூர் என்பார், ஒருவர் ஈரோடு என்பார், ஒருவர் மேட்டுப்பாளையம் என்பார். மலை என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

நானும் இருளர்தான். அதனால்தான் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஆனால் "சாருக்கு நேட்டிவ் எதுங்க?" என்று யாராவது கேட்டால் நானும் கோயமுத்தூர் என்றுதான் சொல்வேன். "கோயமுத்தூர்ல எங்கீங்க?" என்றால் "டவுன் பக்கந்தானுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவேன். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊர் தெரிந்தால் தெரு, தெரு தெரிந்தால் ஆள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் துளசி என்னைத் தேடி வந்தாள். இரண்டாம் ஆண்டு இயற்பியல், எங்கள் சனம், வகுப்பில் முதல் மதிப்பெண். விடுதியில் கோயமுத்தூர்ப் பெண் என்று சொல்லிக்கொண்டு இருந்தவள். முந்தின மாதம் அவள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் விடுதிக்கு வந்திருக்கிறார், கையில் பச்சை குத்தியவர், தோளில் துணி மூட்டை. அறையில் இருந்தவர்கள் "யாருடி அது?" என்று கேட்டதற்கு, "எங்க தோட்டத்துல வேல செய்யறவங்க" என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் காதிலும் அது விழுந்தது. அவர் சிரித்துவிட்டு மூட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னால அங்க இருக்க முடியலீங்க சார். டிசி வாங்கிக்கறேன்" என்றாள்.

"நான் வர்ற வரைக்கும் பொறும்மா" என்றேன்.

"வந்து என்னங்க சார் பண்ணுவீங்க?"

ஆக, நான் ஆஸ்திரேலியாவுக்கு எதற்குப் போனேன் என்று யாராவது கேட்டால், அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு பதில் தேடிப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்னிக் கருத்தரங்கில் பதில் கிடைக்கும் என்று நம்பினேன். ஆறிப்போன ரொட்டிக்குள் ஆறிப்போன கோழி கிடைத்தது. நாம் கூட்டம் தொடங்குமுன் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிற மாதிரி, அங்கே ஒவ்வொருவரும் எழுந்ததும் இது எந்தப் பழங்குடி மக்களுடைய மண் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பின் வந்த படங்களும் அம்புக்குறிகளும்தான் தலைக்குள் ஏறவில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, "பிள்ளைகளை அந்தக் கதவுக்குள் எப்படி வர வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கோட்டுப் போட்ட ஒருவர் நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு வேறெதற்கோ பதில் சொன்னார்.

சாயங்காலம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனேன். பக்திக்குப் பாதி, சூடான தோசைக்குப் பாதி. தட்டோடு உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"சாருக்கு நேட்டிவ் எது?"

கடல் தாண்டி வந்தும் விடவில்லை. "கோயமுத்தூர்."

"ஓ, சூப்பர்! கோயமுத்தூர்ல எங்க?"

"சட்னி இன்னும் கொஞ்சம் இருக்கான்னு பாத்துட்டு வந்தர்றேன்" என்று எழுந்தவன், தோசையை வாசலில் நின்றுதான் சாப்பிட்டு முடித்தேன்.

மெல்போர்னில் ஸ்பிரிங்வேலில் யோகன் அண்ணை வீட்டில் தங்கினேன். எங்கள் கல்லூரி நூலகருக்குப் பழைய சிநேகிதர். யாழ்ப்பாணத்துக்காரர், ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வாங்கோ தம்பி, வாங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ" என்று உட்காரவைத்த கையோடு, அவர் மனைவி மாலா அக்கா குசினியிலிருந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். நாலு நாளாகக் குளிர்ந்த ரொட்டி தின்ற வயிறு கையெடுத்துக் கும்பிட்டது.

சாப்பிட்ட பின் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். முருங்கையிலை, பலாக்காய், உயிரோடு துள்ளும் நண்டு எல்லாவற்றையும் தன் சொந்தத் தோட்டத்தில் விளைந்ததுபோல் காட்டிக்கொண்டு வந்தார். காய்கறிக் கடையில் வியட்நாம்காரப் பெண்மணி ஒருவர் பையில் வெண்டைக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டே, "காணுமா அண்ணை?" என்று கேட்டார். போதுமா என்பதற்கு யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். யோகன் அண்ணைக்கு அந்த ஒரு சொல்லுக்காகவே அங்கே மட்டும்தான் வெண்டைக்காய்.

திரும்பி நடக்கும்போது கேட்டார். "தம்பி, கோயமுத்தூரில எவடம்?"

எவடம் என்றால் எவ்விடம். யாழ்ப்பாணத்தார் இருவர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியம் இதுதான் என்று நூலகர் எனக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லாமல் விட்டது இன்னொன்று. யோகன் அண்ணை கோவைப் பக்கத்து அகதி முகாமில் எட்டு வருடம் இருந்தவர். அந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"டவுன்தானுங்க. காந்திபுரம்" என்றேன்.

"காந்திபுரத்தில எவடம்? எத்தினையாம் வீதி?"

"நூறடி ரோட்டுக்குப் பக்கத்துலீங்க."

"நூறடி ரோட்டில எந்தப் பக்கம்? பாலத்துக்கு அங்காலயோ, இங்காலயோ?"

"இங்காலதானுங்க" என்றேன் நானும். மூன்று நாளும் இதே கதை. காலையில் தேநீரோடு பாலம், ராத்திரி இடியாப்பத்தோடு நூறடி ரோடு. மனிதர் என் வீட்டைக் கண்டுபிடித்து அடையாளம் போடாமல் ஓயமாட்டார் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குக் காரில் போகும்போது அவராகவே ஒன்று சொன்னார். "அங்க நான் பெயின்ற் வேலைதான் தம்பி செய்தனான். முகாம் எண்டு சொன்னா வேலை தரமாட்டினம், பொலிசு கேக்கும் எண்டு பயப்பிடுவினம். ஆரும் கேட்டா நான் கோயமுத்தூர் எண்டுதான் சொல்லுறது. எட்டு வருசமும் அப்பிடித்தான் சொன்னனான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சொல்லிவிட்டார், என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மையத்துக்குப் போகவேண்டும். ரயில் நிலையத்துக்குப் போனால், பாதையில் வேலை நடக்கிறது, இன்று ரயிலுக்குப் பதில் பஸ் என்றார்கள். கை காட்டுவதில் நான் தேர்ந்துவிட்டேன். ஆனால் அந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்ட மூவரும் மூன்று திசையைக் காட்டினார்கள். கடைசியில் யோகன் அண்ணையையே போனில் கூப்பிட்டேன். செருப்போடு வந்து காரில் ஏற்றிக்கொண்டார். "உங்கள இறக்கிப்போட்டு வாறன்" என்று வந்தவரை, மையத்தின் வாசலில் நின்ற பெண் "மதியச் சாப்பாடு இருக்கிறது, உள்ளே வாங்க" என்று இழுத்துக்கொண்டார். அவர்தான் ஷெல்லி. மையத்தை நடத்துகிறவர், யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடிச் சனத்தைச் சேர்ந்தவர்.

பல்கலைக்கழகத்தின் நடுவழியில், எல்லோரும் போய்வருகிற இடத்தில், அந்த மையம் இருந்தது. முழுக்கக் கண்ணாடிச் சுவர். உள்ளே ஒரு பெரிய மேசை, அமுங்கிப்போன சோபாக்கள், கம்ப்யூட்டர்கள், ஓயாமல் ரொட்டி சுடுகிற ஒரு டோஸ்டர். சோபாவில் ஒரு பையன் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை. எங்கள் கல்லூரியாக இருந்தால் இந்நேரம் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள்.

செம்பட்டை முடியும் முகமெல்லாம் புள்ளியுமாக ஒரு வெள்ளைக்காரப் பையன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மையத்துப் பணியாளர் என்று நினைத்து, "பழங்குடி மாணவர்கள் எப்போது வருவார்கள்?" என்று கேட்டேன். மேசையே குலுங்கிச் சிரித்தது. "நான்தான். கைல். விராஜுரி சனம்" என்று அவன் கை நீட்டினான். தோலைப் பார்த்து ஆளை எடை போடுவது நம் ஊர்ப் பழக்கம். அதைப் பெட்டியில் வைத்து அங்கேயும் கொண்டுபோயிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "வாராவாரம் யாராவது கேட்பார்கள், இந்த வாரம் நீங்கள்" என்று ஒரு ரொட்டியை என் தட்டில் வைத்தான்.

ஷெல்லியிடம் என் கேள்வியைக் கேட்டேன். "இந்தக் கதவுக்குள் எப்படி வர வைக்கிறீர்கள்? நுழைவதை எல்லோரும் பார்ப்பார்களே?"

"பார்ப்பார்கள்தான். நான் இங்கே படிக்கும்போது ஒரு வருடம் இந்தக் கண்ணாடியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே வரவில்லை."

"பிறகு எப்படி வந்தீர்கள்?"

"மழை பெய்தது" என்றார்.

பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். மூடிவிட்டேன். கோவையில் மழைக்கு நான் எங்கே போவேன்?

சாப்பாடு வந்தது. பூசணிக்காய் சூப், தட்டு நிறைய சாஸேஜ். கரண்டியை எடுத்தேன். யாரும் தொடவில்லை. புதியவர்கள் வந்தால் ஒரு சுற்று பேர் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள் என்றார் ஷெல்லி. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகச் சொன்னார்கள். பேர், அம்மா வீட்டுச் சனம், அப்பா வீட்டுச் சனம், எந்த ஆற்றோரம், எந்த மலை. தூங்கிக்கொண்டிருந்த பையனும் எழுந்து சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். யோகன் அண்ணை கூச்சமே இல்லாமல் எழுந்து நின்றார். "யோகன். கரவெட்டி. அம்மான்ர ஊர் உடுப்பிட்டி. பிறகு முகாம். இப்ப ஸ்பிரிங்வேல்" என்று தமிழிலேயே சொன்னார். எல்லோருக்கும் புரிந்தது.

என் முறை. "கோயமுத்தூர்" என்றேன்.

"அது பட்டணம் இல்லையா?" என்று கேட்டார் ஷெல்லி. "பட்டணத்துக்கு முன்னால்? உங்கள் சனம் யார், உங்கள் மண் எது?"

சூப்பில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யோகன் அண்ணை. நான் வாயைத் திறந்தால் அவர் கேட்பார், அவர் வழியாக நூலகர் கேட்பார், நூலகர் வழியாகக் கல்லூரியே கேட்கும். இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, என்னை எங்கே வைக்கலாம் என்று பார்க்கத்தான் கேட்டார்கள். இங்கே கேட்டவர்கள் தங்களுடையதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டார்கள். எனக்கு அது புதிது. பயம் போகவில்லை, ஆனால் வாய் திறந்துகொண்டது.

"நான் இருளர். சம்பர் குலம். ஆனைகட்டி மலையில செங்கரைப்பதி. அப்பா காட்டு இலாகாவுல வாட்சரா இருந்தார்." முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

யோகன் அண்ணை வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆனைகட்டியோ! தம்பி, அங்க பள்ளிக்கூடத்துக்கும் ஆசுப்பத்திரிக்கும் நான்தான் பெயின்ற் அடிச்சனான். உங்கட ஆக்கள்தான் எனக்குக் களி தந்தவை. பிறகேன் காந்திபுரம் எண்டனீங்கள்? மூண்டு நாளா அந்த நூறடி ரோட்டில உங்கட வீட்டைத் தேடிக்கொண்டு நிக்கிறன்!"

இதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஷெல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணீர். அது சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல. அதற்குப் பிறகு நான் குடித்த சூப் மாதிரி ஒரு சூப்பை இதுவரை குடித்ததில்லை.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வீடியோவில் துளசி. அங்கே காலை நேரம், பின்னால் விடுதியின் கட்டில்கள் தெரிந்தன.

"சார், இன்னிக்கு ஆபீஸ்ல டிசிக்கு எழுதிக் குடுத்தர்லாம்னு இருக்கறனுங்க. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு..."

அதற்குள் கைல் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கையாட்டினான். துளசி திடுக்கிட்டாள். "யாருங்க சார் அந்த வெள்ளைக்காரரு?"

"வெள்ளைக்காரர் இல்லம்மா. நம்மள மாதிரி."

அவள் நம்பவில்லை. கைல் என் கையிலிருந்து போனை வாங்கித் தன் பேரையும் சனத்தையும் ஆற்றையும் சொன்னான். போன் மேசையைச் சுற்றிவரத் தொடங்கியது. ஒவ்வொருவரும் சொல்லிச் சொல்லிக் கை மாற்றினார்கள். யோகன் அண்ணையும் விடாமல், "யோகன் அங்கிள், கரவெட்டி" என்று தன் பங்கைச் சேர்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"உன் சனம் யார் என்று கேளுங்கள்" என்றான் கைல். கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். குரலை இறக்கினாள். "சார், ரூம்ல எல்லாரும் இருக்கறாங்க."

"வேண்டாம்னா விட்ரும்மா. நானே இப்பத்தான் சொன்னேன்."

"நீங்களா? என்னன்னு சொன்னீங்க?"

மறுபடி சொன்னேன். இந்த முறை உரக்க. போனில் துளசியின் முகம் போய், கொஞ்ச நேரம் விடுதியின் மின்விசிறி மட்டும் சுற்றியது. வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம் குரல் வந்தது, வகுப்பில் பதில் சொல்கிற குரலில்.

"என் பேரு துளசி. நாங்க இருளருங்க. மலையில மூலக்காட்டுப்பதி. போன மாசம் இங்க வந்தது எங்கம்மா."

கடைசி வாக்கியம் கைலுக்குச் சொன்னதல்ல. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவசரப்பட்டுப் பெண்ணை மாட்டிவிட்டோமோ என்று பயந்தேன். பிறகு இன்னொரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஏய், நாங்களும் சோளகருதான்டி. கடம்பூர் மல."

"சத்தியமங்கலம்னு சொன்ன?"

"நீ மட்டும் கோயமுத்தூர்னு சொல்லல?"

சேர்ந்த நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள். இப்போது இரண்டு முகங்களும் ஒரே திரையில் இடித்துக்கொண்டு தெரிந்தன. சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று சொல்ல முடியவில்லை. டிசி என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துளசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"சார், நம்ம மையத்துச் சாவி யாருகிட்டீங்க இருக்குது? கிளாஸ் முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் அங்க போய் உக்காந்துக்கறோம்."

கால்சட்டைப் பைக்குள் கைவிட்டேன். வீட்டுச் சாவியோடு அதுவும் ஒரே வளையத்தில் மெல்போர்ன் வரை வந்திருந்தது.

"எங்கிட்டத்தாம்மா இருக்குது" என்றேன். "பரவால்ல. பூட்ட ஒடச்சிருங்க."

"அய்யோ சார், யாரு ஒடச்சதுன்னு பிரின்சிபால் கேட்டாருன்னா?"

"பேரச் சொல்லும்மா. ஊரையும் சேத்துச் சொல்லு."